ஒரு புள்ளி கொடுத்த நான்கு வாக்கு

கணக்கு.எடு(500)

பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட்-ஓரியன்டட்) நிரல்மொழி எதையாவது தொட்டவர்கள் இப்படிப்பட்ட வரியை ('இந்த வங்கிக் கணக்கிலிருந்து 500 எடு') ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பார்கள். இடப்பக்கம் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தரவும் அதைத் தொடும் செயல்களும் சேர்ந்த பொருள்; வலப்பக்கம் அது செய்ய வேண்டிய வேலை, அதாவது மெத்தட்; நடுவில் ஒரு புள்ளி. ஆப்ஜெக்ட்டைப் பற்றிப் பேசுவோம், மெத்தட்டைப் பற்றிப் பேசுவோம். புள்ளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) ஓடும் நிரலிலும், பல கணினிகளில் பரவிக் கிடக்கும் நிரலிலும் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இந்தப் புள்ளியில்தான் தொடங்கியிருக்கின்றன. இந்தத் துறைக்கென்று ஐம்பது ஆண்டுகளாக வந்த மொழிகளையும் இந்தப் புள்ளியை வைத்தே பிரித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே கணினியில், ஒரே த்ரெட்டில் ஓடும் நிரலில் புள்ளி நமக்கு நான்கு வாக்குகளைச் சொல்லாமலே கொடுக்கிறது. அந்த மெத்தட் ஓடி முடியும்வரை வேறு யாரும் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் கை வைக்கமாட்டார்கள் என்பது முதல் வாக்கு. நான் கொடுத்தனுப்பிய பொருளும் அங்கே போய்ச் சேர்ந்த பொருளும் ஒன்றே என்பது இரண்டாவது. அழைத்தால் வேலை ஒரு முறை நடக்கும், ஒரே ஒரு முறைதான் நடக்கும் என்பது மூன்றாவது. நான்காவது கொஞ்சம் விசித்திரமானது: அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் சேர்ந்தே சாவார்கள். நிரல் விழுந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக விழும். ஒருவர் உயிரோடிருந்து, மற்றவர் என்ன ஆனார் என்று குழம்பும் நிலையே வராது.

த்ரெட்கள் வந்ததும் முதல் வாக்கு போய்விடுகிறது. நெட்வொர்க் வந்ததும் மற்ற மூன்றும் போய்விடுகின்றன. கன்கரன்சி (ஒரே நேரத்தில் பல ஓட்டம்), டிஸ்ட்ரிபியூஷன் (பல கணினிகளில் பரவல்) என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஒன்று உடைக்கும் வாக்கு வேறு, மற்றது உடைக்கும் வாக்கு வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்ததில்தான் இந்த வரலாற்றின் பாதி விபத்துகள் நடந்திருக்கின்றன.

வேகத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உள்ளே ஒருவர் மட்டும்

கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு, என்ற கருத்தே ஒரே நேரத்தில் பல காரியம் நடக்கும் உலகத்தைக் காட்டத்தான் பிறந்தது. ஆஸ்லோவில் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 ஒரு சிமுலேஷன் மொழி. அதில் ஆப்ஜெக்ட் என்பது தனக்கென்று ஓட்டமுள்ள ஒன்று. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், இன்னொன்றுக்கு வழிவிடும், விட்ட இடத்திலிருந்து தொடரும். உண்மையான இணை ஓட்டம் இல்லை, ஒன்றுக்கொன்று வழிவிட்டு மாறி மாறி ஓடும் கோரூட்டீன்தான்; ஆனாலும் பல உயிர்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழும் உலகம் அது. பின்னால் வந்தவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு அந்த உயிரோட்டத்தை விட்டுவிட்டார்கள். சி++ கூடத் தொடக்கத்தில் அப்படி இல்லை. அதன் முன்னோடியான 'சி வித் கிளாசஸ்' காலத்திலேயே, 1980 வாக்கில், அதை உருவாக்கிய ஸ்ட்ரௌஸ்ட்ரப் கோரூட்டீன் பாணியில் டாஸ்க் நூலகம் ஒன்றை எழுதியிருந்தார். அப்படிப்பட்ட மொழியின் தரத்துக்குள் த்ரெட் வந்து சேர 2011 ஆகிவிட்டது.

முதல் வாக்கை மீட்டுக் கொடுக்கும் வேலையைச் சரியாகச் செய்தவர் பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்பேன். சிமுலாவின் கிளாஸைப் பார்த்துவிட்டு, தரவையும் அதைத் தொடும் செயல்களையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்று விதித்தார். அதுதான் மானிட்டர். டோனி ஹோர் 1974ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அதிகம் படிக்கப்பட்டது. பிரிஞ்ச் ஹான்சன் 1975ல் கன்கரன்ட் பாஸ்கல் என்ற மொழியாகவே அதைக் கொடுத்தார். அந்த மொழியில் கம்பைலரே, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியே, காவல். மானிட்டரின் உள் மாறியை வெளியிலிருந்து தொட வழியே கிடையாது; தொட்டால் நிரல் கம்பைல் ஆகாது.

20 ஆண்டுகள் கழித்து ஜாவா வந்தது. எல்லா ஆப்ஜெக்ட்டிலும் ஒரு மானிட்டர் உண்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் 'சிங்க்ரனைஸ்டு' என்ற சொல்லை எழுதினால்தான் காவல். எழுத மறந்தால் மறந்ததுதான், கம்பைலர் வாயே திறக்காது. பிரிஞ்ச் ஹான்சன் இதைக் கண்டு கொதித்து, ஜாவாவின் இணை ஓட்டம் பாதுகாப்பற்றது என்று 1999ல் கட்டுரை எழுதினார். கால் நூற்றாண்டு ஆராய்ச்சியை ஜாவா கண்டுகொள்ளவே இல்லை என்பது அவர் வருத்தம். அவர் சொன்னது சரி என்பதற்கு உலகத்தில் ஓடும் ஜாவா நிரல்களே சாட்சி.

சரி, எல்லா மெத்தட்டிலும் மறக்காமல் அந்தச் சொல்லை எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தீர்ந்துவிடுவதில்லை. ஜாவாவின் பழைய வெக்டர் கிளாஸில் மெத்தட்கள் எல்லாம் காவலோடுதான் இருக்கும். 'இந்தப் பெயர் பட்டியலில் இல்லையென்றால் சேர்' என்று எழுத இரண்டு புள்ளி தேவை: ஒன்று இருக்கிறதா என்று கேட்க, ஒன்று சேர்க்க. இரண்டு அழைப்பும் தனித்தனியாகப் பத்திரம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் நுழைந்து அதே பெயரைச் சேர்த்துவிட்டுப் போகலாம். ஒரு புள்ளிக்குள் பூட்டு உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கிடையாது. 2004ல் ஜாவா 5உடன் வந்த கன்கரன்சி நூலகத்தில் 'இல்லையென்றால் போடு' என்று ஒரே மெத்தட்டாகவே வைத்தார்கள் என்றால், இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

வாரிசுரிமைச் சிக்கல்

இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசை. பொருள்நோக்கு முறைக்கும் கன்கரன்சிக்கும் உள்ள மனத்தாங்கல் இன்ஹெரிட்டன்ஸில், அதாவது ஒரு கிளாஸின் செயல்களை இன்னொரு கிளாஸ் வாரிசாகப் பெறுவதில், வெளிப்படும் அளவுக்கு வேறெங்கும் வெளிப்படுவதில்லை. சதோஷி மத்சுவோகா, அகினோரி யோனெஸாவா இருவரும் 1993ல் இதை அலசி 'இன்ஹெரிட்டன்ஸ் அனாமலி' என்று பெயர் வைத்தார்கள்.

அளவு குறிப்பிட்ட ஒரு பஃபர், அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம், இருக்கிறது. அதில் 'போடு', 'எடு' என்று இரண்டு மெத்தட். நிரம்பியிருந்தால் போடு காத்திருக்க வேண்டும், காலியாக இருந்தால் எடு காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மெத்தட்டின் தலையிலும் ஒரு நிபந்தனை எழுதிவிட்டால் போதும், அழகான தீர்வு. இப்போது இதிலிருந்து ஒரு துணை கிளாஸ் எடுக்கிறோம். அதில் புதிதாக ஒரே ஒரு மெத்தட், 'பிறகெடு'. அதுவும் எடு மாதிரிதான். ஆனால் ஒரு போடு நடந்த உடனே அடுத்ததாக அது ஓடக்கூடாது. அதன் நிபந்தனையை எப்படி எழுதுவது? கடைசியாக நடந்தது போடுவா என்று தெரிய வேண்டும். தாய் கிளாஸ் அதைக் குறித்து வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் அதற்கு இருக்கவில்லை. ஆக, ஒரு மெத்தட் சேர்க்க வந்தவர் போடு, எடு இரண்டையும் திரும்ப எழுதி, 'கடைசியில் நடந்தது இது' என்று குறித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். தாயிடமிருந்து வாங்கியது என்று எதுவும் மிஞ்சவில்லை.

நிபந்தனைக்குப் பதில் வேறு உத்தியைக் கையாண்டால் இந்த உதாரணம் சரியாகும், வேறொரு உதாரணம் உடையும். அவர்கள் கட்டுரையின் சாரமே அதுதான். எந்த மெத்தட் எப்போது ஓடலாம் என்பது ஆப்ஜெக்ட்டின் மொத்த நடத்தை பற்றிய செய்தி. அதை மெத்தட் மெத்தட்டாக வெட்டி வாரிசுக்குக் கொடுக்க முடியாது. பின்னால் வந்த கன்கரன்ட் மொழிகளில் இன்ஹெரிட்டன்ஸ் ஓரத்துக்குப் போனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போனி மொழியில் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே இல்லை. ஸ்விஃப்ட் மொழியில் கிளாஸுக்கு உண்டு, ஆக்டருக்கு (அதைப் பற்றி அடுத்து) இல்லை. யாரும் அதற்காக அழவில்லை.

செய்தி என்ற மாற்று

கார்ல் ஹெவிட், பீட்டர் பிஷப், ரிச்சர்ட் ஸ்டைகர் மூவரும் 1973ல் ஆக்டர் மாதிரியை முன்வைத்தபோது புள்ளியின் பொருளையே மாற்றினார்கள். ஹெவிட்டுக்கு ஆரம்பகால ஸ்மால்டாக் மொழி ஒரு தூண்டுகோல். ஆனால் ஸ்மால்டாக்கில் மெசேஜ் என்ற பேர்தான் உண்டு. ஸ்மால்டாக்-80ஐ எடுத்துக்கொண்டால், அனுப்பியவர் பதில் வரும்வரை நின்றுகொண்டே இருக்கும் சாதாரண அழைப்புதான் அது. ஆக்டரில் அனுப்பியவர் அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். வந்த செய்திகள் வாசலில் வரிசையில் நிற்கும். ஆக்டர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுத்துப் பார்க்கும். பூட்டு என்று நிரலில் எதுவும் எழுதாமலே முதல் வாக்கு திரும்பி வந்துவிட்டது.

யோனெஸாவா குழு 1986ல் வெளியிட்ட ஏபிசிஎல்/1 மொழியில் செய்தி அனுப்ப மூன்று வழி வைத்தார்கள். அனுப்பிவிட்டு மறந்துவிடுவது, அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்து பதில் தேவைப்படும்போது மட்டும் போய்ப் பார்ப்பது. பாஸ்ட், நௌ, ஃப்யூச்சர் என்று பெயர். இன்று எந்த மொழியிலும் கிடைக்கிற 'அவெயிட்' (பதிலுக்குக் காத்திரு) வகை வசதிகளை எடுத்துப் பாருங்கள், இந்த மூன்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஆக்டரிலும் ஒரு பொல்லாத கேள்வி இருக்கிறது: ஒரு செய்தியைக் கையாளும் நடுவில் இன்னொரு ஆக்டரிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தால், அந்த இடைவெளியில் அடுத்த செய்தியை உள்ளே விடலாமா? விட்டால், வங்கிக் கணக்கில் இருப்பு போதும் என்று பார்த்துவிட்டு, அனுமதிக்குக் காத்திருந்து, திரும்பி வந்து பணத்தைக் கழிக்கும்போது இருப்பு வேறாக இருக்கும். 2021ல் ஸ்விஃப்ட் 5.5உடன் வந்த ஆக்டர்கள் இந்த வழி. விடாவிட்டால், 'அ' என்ற ஆக்டர் 'ஆ'விடம் கேட்டு, 'ஆ' திரும்ப 'அ'விடம் கேட்டால் இருவரும் ஒருவர் வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டர் கட்டமைப்பான ஆர்லியன்ஸ் வழக்கமாக எடுப்பது இந்த வழி. ஒன்றில் தரவு கெடும், ஒன்றில் நிரல் உறையும். எனக்கு உறைவதுதான் பிடிக்கும். உறைந்தால் யாராவது வந்து பார்ப்பார்கள்; கெட்ட தரவு சத்தம் போடாமல் பேக்கப்வரை போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாவது வாக்கு, அதாவது 'கொடுத்ததும் போனதும் ஒன்றே' என்பது, ஒரே கணினிக்குள் உடைவதில்லை. அங்கே அதன் பிரச்சினை அளவுக்கு மீறி உண்மையாக இருப்பதுதான். ஒரு ஆக்டர் இன்னொன்றுக்கு ஒரு பட்டியலை அனுப்பிவிட்டுத் தானும் அதைக் கையில் வைத்துக்கொண்டால், இரண்டு பேரும் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் கிறுக்குவார்கள். எர்லாங் மொழி இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது: தரவு எதையும் மாற்றவே முடியாது, போகிறதும் பெரும்பாலும் நகல்தான். இம்பீரியல் கல்லூரியில் சில்வன் கிளெப்ஷ் உருவாக்கிய போனி வேறு வழி. ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும், அதாவது பொருளைச் சுட்டும் முகவரிக்கும், ஒரு தகுதி. 'ஐஸோ' என்றால் இந்தப் பொருளைப் படிக்கவோ மாற்றவோ இந்த ஒரு கைக்கு மட்டுமே உரிமை, கொடுத்தால் கையை விட்டுப் போய்விடும். 'வால்' என்றால் யாரும் மாற்ற முடியாது, ஆகவே எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். 'டேக்' என்றால் முகவரி மட்டும், படிக்கவும் முடியாது. நகல் எடுக்காமலே பத்திரம், அதுவும் கம்பைல் நேரத்திலேயே. கற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். அந்தத் தகுதிகள் மொத்தம் ஆறு, அவற்றின் கூட்டல் கழித்தல் தனி.

நெட்வொர்க் வந்தபோது

ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984ல் தொலைநிலை அழைப்பை (இன்னொரு கணினியில் உள்ள செயலை அழைப்பதை) கட்டிய விதம் பற்றி எழுதிய கட்டுரையில் மூன்றாவது வாக்கைப் பற்றி மிக நேர்மையாக ஒரு விதி இருக்கிறது. பதில் வந்துவிட்டால் வேலை சரியாக ஒரு முறை நடந்தது என்று கொள்ளலாம். பிழை வந்தால், ஒரு முறை நடந்திருக்கலாம், அல்லது நடக்காமலே இருந்திருக்கலாம். எது என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் ஒரு சாதாரண தொலைநிலை அழைப்பால் வாக்குக் கொடுக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

தெரிந்தும், அடுத்த 15 ஆண்டுகள் இந்தத் துறை முழுக்க 'தொலைவில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும்' என்ற கனவின் பின்னால் ஓடியது. கனவின் உயர்ந்த வடிவம் எமரால்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1980களில் ஆண்ட்ரூ பிளாக், நார்மன் ஹட்சின்சன், எரிக் யூல், ஹென்றி லெவி உருவாக்கியது. அதில் எந்த ஆப்ஜெக்ட்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். அழைக்கும்போது கூடக் கொடுக்கும் பொருளையும், வேண்டுமானால் அழைக்கப்படுபவர் இருக்கும் கணினிக்கே குடிமாற்றலாம். உள்ளூரைத் தாண்டாத ஆப்ஜெக்ட்டுக்கு வீண்சுமை எதுவும் சேராதபடி கம்பைலர் பார்த்துக்கொள்ளும். அந்தப் பொறியியலை இன்று படித்தாலும் மலைப்பாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எமரால்டு தோல்வியை மறைக்கவில்லை. ஆப்ஜெக்ட் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று எழுத மொழியிலேயே இடம் வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஒன்றுபோலத் தெரிவதை மட்டும் நகலெடுத்தார்கள்.

தொலைவு ஆப்ஜெக்ட்டையும் உள்ளூர்போலவே அழைக்க வந்த தொழில்நுட்பங்கள்: 1991ல் கோர்பா, 1996ல் மைக்ரோசாஃப்ட்டின் டிகாம். இவற்றைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை; அவற்றோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், வாழாதவர்கள் எதையும் இழக்கவில்லை.

கனவைக் கலைத்தது 1994ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை. ஜிம் வால்டோ, ஜெஃப் வயன்ட், ஆன் வோல்ரத், சாம் கெண்டல் எழுதியது. தாமதம், நினைவகத்தை அணுகும் விதம், பாதி விழுந்து பாதி நிற்கும் தோல்வி, கன்கரன்சி ஆகிய நான்கும் உள்ளூர் ஆப்ஜெக்ட்டையும் தொலைவு ஆப்ஜெக்ட்டையும் அடிப்படையிலேயே பிரிக்கின்றன, ஒரே முகமூடியால் மூட முடியாது என்பது வாதம். அவர்கள் காட்டிய உதாரணம் என்எஃப்எஸ் கோப்பு முறை. தொலைவில் உள்ள கோப்பை உள்ளூர்க் கோப்புபோலவே காட்டும். சர்வர் விழுந்தால் இரண்டு வழிதான்: ஒன்று, எந்த நிரலும் எதிர்பார்க்காத பிழையைக் கொடுப்பது, இல்லை, சர்வர் எழுந்திருக்கும்வரை எல்லாரையும் உறைய வைப்பது. முகமூடிக்குள் மூன்றாவது வழிக்கு இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால் அதே ஆன் வோல்ரத்தும் ஜிம் வால்டோவும் சேர்ந்துதான் ஜாவாவின் தொலைவு அழைப்பு வசதியான ஆர்எம்ஐயை உருவாக்கினார்கள். 1997ல் வந்தது. தாங்கள் எழுதியதை அவர்கள் மறக்கவில்லை; தொலைவு மெத்தட் ஒவ்வொன்றும் 'ரிமோட் எக்செப்ஷன்' (தொலைவுப் பிழை) வரலாம் என்று அறிவித்தே ஆக வேண்டும், அழைப்பவர் அதைக் கையாண்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். நான்காவது வாக்கு இங்கே செல்லாது என்று கம்பைலரே சொல்கிறது. மிகச் சரியான முடிவு. நிரலர்கள் என்ன செய்தார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்தபோது கைக்கு வந்த ஒரு பழைய நிரல்தொகுப்பில் அதற்கென்றே ஒரு கிளாஸ் இருந்தது: அந்த எக்செப்ஷனைப் பிடித்து, கம்பைலர் கண்டுகொள்ளாத ரன்டைம் எக்செப்ஷனாக மாற்றி, மேலே வீசிவிடுவது மட்டுமே அதன் தொழில். மொழி கஷ்டப்பட்டுக் காட்டிய எல்லைக்கோட்டை அழித்துவிட்டு மறுபடி வெறும் புள்ளி.

ஆர்எம்ஐ இரண்டாவது வாக்கில்தான் சறுக்கியது. கொடுக்கும் பொருள் 'ரிமோட்' வகை என்றால் ரெஃபரன்ஸ் போகும். 'சீரியலைசபிள்' என்றால் நகல் போகும். அழைக்கும் வரியில் எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளூரில் ஒரு பட்டியலைக் கொடுத்தால் அங்கே சேர்த்தது இங்கேயும் தெரியும். அதையே தொலைவுக்கு மாற்றினால், அங்கே சேர்த்தது அங்கேயே நின்றுவிடும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. குப்பை சேகரிப்பிலும், அதாவது யாரும் பயன்படுத்தாத ஆப்ஜெக்ட்டை நினைவகத்திலிருந்து நீக்குவதிலும், இதே கதை. தொலைவில் யாரோ என் ஆப்ஜெக்ட்டின் ரெஃபரன்ஸை வைத்திருக்கிறார் என்றால், அவர் செத்துவிட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆர்எம்ஐ அதைக் குத்தகையாக வைத்தது. இயல்பாக 10 நிமிடம். புதுப்பிக்காவிட்டால் அவர் பிடி போய்விட்டதாகக் கணக்கு. நெட்வொர்க் அதற்கு மேல் அறுந்து கிடந்தால், உயிரோடு இருப்பவரின் ஆப்ஜெக்ட்டும் மறைந்துபோகலாம்.

இப்போது வேகம். ஒரே கணினிக்குள் ஒரு மெத்தட் அழைப்பு சில நானோசெகண்டில் முடியும். ஒரே டேட்டா சென்டருக்குள் போய்த் திரும்ப அரை மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். 200 வரிகள் உள்ள ஒரு ஆர்டர், ஒவ்வொரு வரியிலும் பெயர், அளவு, விலை என்று மூன்று கெட்டர் (மதிப்பைக் கேட்டு வாங்கும் மெத்தட்). நல்ல பொருள்நோக்கு வழக்கப்படி எழுதினால் 600 அழைப்பு, 0.3 விநாடி. ஒரே கணினியில் இருந்தவரை யாருக்கும் தெரியாத செலவு. நிறுவன மென்பொருள் உலகம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஜாவாவின் நிறுவன மென்பொருள் கட்டமைப்பான இஜேபி முதலில் தொலைவு அழைப்புகளை மட்டுமே வைத்து வந்தது. 2001ல் இஜேபி 2.0 வந்தபோது உள்ளூர் இன்டர்ஃபேஸ் என்று தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. உங்கள் ஆப்ஜெக்ட்களைப் பரப்பாதீர்கள் என்பதைப் பரவல் ஆப்ஜெக்ட்களின் முதல் விதியாக மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் எழுதியதும் இந்தக் காலத்தில்தான்.

இரண்டு குறிகள்

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் நடுவில் 1997ல் ஒரு சின்ன மொழி வந்தது. பெயர் ஈ. மார்க் மில்லரும் நண்பர்களும் செய்தது. அதிகம் பேர் பயன்படுத்தவில்லை. ஆனால் புள்ளி விஷயத்தில் நான் பார்த்த தெளிவான முடிவு அதில்தான் இருக்கிறது. அதில் அழைக்க இரண்டு குறி:

கணக்கு.எடு(500)
கணக்கு <- எடு(500)

புள்ளி என்றால் இப்போதே, இங்கேயே. அது பக்கத்தில் உள்ள ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும்தான் செல்லும். தொலைவில் உள்ளதன்மேல் புள்ளி வைத்தால் பிழை. அம்பு என்றால் செய்தி, எப்போதாவது போய்ச் சேரும். உடனே கையில் கிடைப்பது ஒரு ப்ராமிஸ், பின்னால் வரவேண்டிய பதிலுக்கான சீட்டு. அது நிறைவேறலாம், உடையலாம். பக்கத்தில் உள்ளதற்கும் அம்பு போடலாம், தப்பில்லை. ஆக, நான்கு வாக்கும் செல்லும் இடத்தில் மட்டும் புள்ளி. செல்லாத இடத்தில் வேறு குறி. நிரலைப் படிக்கும்போதே எல்லை எங்கே ஓடுகிறது என்று கண்ணில் படும்.

இப்படிப் பிரித்ததால் வேகத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. இன்னும் நிறைவேறாத ப்ராமிஸுக்கே அடுத்த செய்தியை அனுப்பலாம். 'பயனரைக் கொடு, அவர் கணக்கைக் கொடு, அதன் இருப்பைச் சொல்' என்று மூன்று கேள்வி. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். எதிர்முனை 10,000 கி.மீ. தொலைவில் இருந்தால் போய்த் திரும்பக் குறைந்தது 100 மில்லிசெகண்ட். எந்த மொழியாலும் அதைக் குறைக்க முடியாது. புள்ளிமேல் புள்ளியாகக் கேட்டால் 300. ஈயில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தே கிளம்பும். அங்கேயே முதல் பதிலை எடுத்து இரண்டாவதற்குக் கொடுத்துக்கொள்வார்கள். மொத்தம் 100. இன்று கேப்ன் ப்ரோட்டோ என்ற தொலைநிலை அழைப்புக் கருவியில் கிடைக்கும் ப்ராமிஸ் பைப்லைனிங் இதுதான். 2015ல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் ப்ராமிஸ் வந்தபோது அந்தத் தரக்குழுவில் மில்லரும் இருந்தார். ஆனால் அம்புக்குறி வரவில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

ப்ராமிஸ் என்ற சொல்லை ஒட்டி பார்பரா லிஸ்கோவையும் சொல்லிவிட வேண்டும். அவரும் லியூபா ஷ்ரீராவும் 1988லேயே இதை எழுதியிருந்தார்கள், ஒவ்வொரு ப்ராமிஸும் எந்தெந்தப் பிழையோடு உடையலாம் என்ற வகைக் குறிப்பு சகிதம். அந்தக் குறிப்பை இன்றைய ஜாவாஸ்கிரிப்ட்டில் தேடினாலும் கிடைக்காது.

எர்லாங்காரர்கள் தங்கள் மொழியைப் பொருள்நோக்கு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் நான்காவது வாக்கைக் கையாண்ட விதத்துக்காக இங்கே அதற்கு இடம் உண்டு. எர்லாங்கில் இரண்டு ப்ராசஸ்கள் (ஆக்டர்போலத் தனித்தனியாக ஓடுபவை) சேர்ந்து சாக வேண்டுமென்றால் லிங்க் போட வேண்டும். ஒருவர் சாவை மற்றவர் அறிந்தால் போதும் என்றால் மானிட்டர் போட வேண்டும். (பிரிஞ்ச் ஹான்சனின் மானிட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்ப் பஞ்சம்.) புள்ளி இலவசமாகக் கொடுத்ததை இங்கே எழுதி வாங்கிக்கொள்கிறோம். தொலைவில் உள்ள கணினியோடு தொடர்பு அறுந்தால் 'நோகனெக்ஷன்' என்று காரணம் வரும். மறுமுனை சத்தமில்லாமல் நின்றுபோனால் அது தெரிய, இயல்பான அமைப்பில், 45 முதல் 75 விநாடிவரை ஆகும். அந்தச் செய்தி வந்தாலும் எதிராளி செத்தார் என்று பொருளல்ல. பேச முடியவில்லை, அவ்வளவுதான்.

2022ல் ஸ்விஃப்ட் 5.7 கொண்டுவந்த டிஸ்ட்ரிபியூட்டட் ஆக்டர் இந்த வரிசையில் எனக்குப் பிடித்த புதுவரவு. தொலைவிலிருந்து அழைக்கக்கூடிய மெத்தட் எது என்று தனியாகக் குறிக்க வேண்டும். வெளியிலிருந்து அழைத்தால் 'ட்ரை அவெயிட்' இல்லாமல் கம்பைல் ஆகாது. ஆக்டர் தனக்குள்ளேயே அழைத்தால் இரண்டும் தேவையில்லை. அனுப்பும் பொருள் நெட்வொர்க் வழியாகப் போகக்கூடிய வகையா என்றும் பார்க்கப்படும். ஈயின் அம்புக்குறிக்குப் பதில் இரண்டு சொல். பரவாயில்லை, கண்ணில் படுகிறதல்லவா. ஜிஆர்பிசி மாதிரியான தொலைநிலை அழைப்புக் கருவிகள் உருவாக்கித் தரும் கிளையன்ட் நிரலைப் பார்த்தால்தான் வருத்தம்: பல மொழிகளில் அது மறுபடி சாதாரண மெத்தட்போலவே இருக்கும், கெடு நேரம் குறிப்பிடாவிட்டால் பதிலுக்கு முடிவில்லாமல் காத்திருக்கும்.

நடந்ததா, இல்லையா

எஞ்சியிருப்பது மூன்றாவது வாக்கு. ஸ்விஃப்ட்டின் 'ட்ரை' இந்த அழைப்பு தோற்கலாம் என்று சொல்கிறது. தோற்றால் பணம் எடுக்கப்பட்டதா இல்லையா என்று சொல்வதில்லை. ஈயின் உடைந்த ப்ராமிஸும் சொல்வதில்லை, எர்லாங்கின் நோகனெக்ஷனும் சொல்வதில்லை. பிரெல், நெல்சன் 1984ல் நின்ற இடத்திலேயே எல்லோரும் நிற்கிறோம்.

இதை மொழிக்குள்ளேயே தீர்க்க ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது: எம்ஐடியில் லிஸ்கோவ் குழு 1980களில் செய்த ஆர்கஸ். அதில் தொலைவில் உள்ள ஆப்ஜெக்ட்டுக்குப் பெயர் கார்டியன். கார்டியனுக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு பரிவர்த்தனை. முழுக்க நடக்கும், அல்லது தடயமே இல்லாமல் ரத்தாகும். கணினி விழுந்து எழுந்தால் கார்டியன் தன் நிலையை நிரந்தர சேமிப்பிலிருந்து மீட்டுக்கொள்ளும். பிழை வந்தால் அந்த வேலை நடக்கவில்லை என்று நம்பலாம். எவ்வளவு பெரிய வாக்கு அது! விலையும் பெரியது. பல கணினிகள் சேர்ந்து 'சரி, முடித்துக்கொள்வோம்' என்று ஒத்துக்கொள்ள இரண்டு கட்டமாகப் பேச வேண்டும். நடுவில் ஒருங்கிணைப்பவர் விழுந்துவிட்டால், மற்றவர்கள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விடவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் காத்திருப்பார்கள். ஆர்கஸ் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. அந்த வேலையை நாம் தரவுத்தளங்களிடம் ஒப்படைத்துவிட்டோம், அவற்றின் வாசல்வரைக்கும்.

வாசலுக்கு வெளியே இன்னும் கைவேலைதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுப்பது. எந்த மொழியில் எழுதினாலும் இதை நான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. கம்பைலர் உதவிக்கு வருவதில்லை. 'இதை இரண்டு முறை செய்தாலும் ஒன்றுதான்' என்று மெத்தட்டின் தலையிலேயே எழுதவும், அப்படி எழுதாததைத் திரும்ப அழைத்தால் கம்பைலர் தடுக்கவும் ஒரு வழி வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. வலைத்தளங்கள் பேசும் நெறிமுறையான ஹெச்டிடிபிக்கு அந்தப் பிரிவு உண்டு: 'கெட்', 'புட்' இரண்டையும் தாராளமாகத் திரும்ப அனுப்பலாம், 'போஸ்ட்' அப்படியல்ல. ஜிஆர்பிசியோடு பயன்படும் வரையறை மொழியான ப்ரோட்டோகால் பஃபர்ஸில் சர்வீஸ் மெத்தட்டுக்கு இதைக் குறிக்க ஒரு ஆப்ஷன்கூட இருக்கிறது. மூன்று மதிப்புகள்: பக்கவிளைவு இல்லை, திரும்பச் செய்யலாம், தெரியாது. எதுவும் எழுதாவிட்டால் மூன்றாவது. என் கைக்கு வந்த ப்ரோட்டோ கோப்புகளில் அதை யாராவது நிரப்பியிருந்து நான் பார்த்ததில்லை.